நுரை மூடிய தரைப்பாலம்

ஜீப்பை வாங்கியவள் நான். ஓட்டுகிறவளும் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஓசூரில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினாலும் ஸ்டீயரிங் பிடித்திருக்கும் என்னைத் தாண்டி, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரரிடம்தான், "எவ்ளோக்குங்க சார்?" என்று கேட்பார்கள். அவர் என்னைக் கைகாட்டுவார். அவருக்கு வண்டி ஓட்டுவது என்றாலே ஆகாது. காவேரிப்பட்டினத்துக்காரர். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவதுதான் மனுஷப் பயணம் என்பது அவர் கட்சி. நான் கோவில்பட்டிப் பக்கம். தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. யாரோ ஓட்டப்போகும் வண்டிகளுக்கு நட்டும் போல்ட்டும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கர்நாடகா நம்பரில் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கினேன். "பொம்பளைக்கு எதுக்குத் தாயீ இந்த எருமை?" என்றார்கள் சொந்தக்காரர்கள். எருமைதான். சேற்றில் இறங்கும், பாறையில் ஏறும், கணக்கில்லாமல் டீசல் குடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கிளம்பிவிடுவோம். இவருக்குப் பிடித்து வருவதில்லை, தனியாக அனுப்பப் பயந்து வருவார். ஒருமுறை அஞ்செட்டிக் காட்டுப் பாதையில், பட்டப்பகலில், வழி நடுவே யானைச் சாணம் கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. யானையைக் காணோம். எஞ்சினை அணைத்தேன். ஒரு கிளை முறியவில்லை, ஒரு குருவி கத்தவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு பக்கத்தில் எங்கேயோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ரிவர்ஸ் எடும்மா," என்றார் இவர், உதடு அசையாமல். எடுத்துவிட்டேன். ஆனால் வீடு வரும்வரை அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்துகொண்டே வந்தேன். என் முதுகிலும் வேர்த்திருந்ததை நான் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது அந்தக் கதை இல்லை. கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஆற்றைக் கடக்கிற தரைப்பாலம் ஒன்று உண்டு. அதன் மேல் நடந்தது இது.

ஆற்றின் மேல்பக்கம் நல்ல மழை. அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். திறந்தால், மேலேயிருந்து வரும் கழிவுத் தண்ணீரால் ஆற்றில் நுரை வரும் என்பது எங்கள் ஊரில் புதிதல்ல. காற்றில் பிய்ந்து வந்து தக்காளித் தோட்டத்தில் உட்காரும், வாட்ஸ்அப்பில் படமாக வரும், பார்த்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் இருக்கும் ஒரு பாறைத் தடத்துக்குப் போகலாம் என்று கிளம்பியிருந்தோம். ஆற்றுக்கு இறங்கும் வளைவில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தேன். எதிரே ஆறு இல்லை. பாலம் இல்லை. அக்கரை இல்லை. ரோடு நேராகப் போய் ஒரு வெள்ளைச் சுவருக்குள் நுழைந்து முடிந்துபோனது. ஆள் உயரத்துக்கு மேல், அசையாமல் நின்றது நுரை. காலை வெயில் பட்டு கண் கூசியது. சோப்பும் சாக்கடையும் கலந்த வாடை. ஓடுகிற தண்ணீரின் சத்தம்கூட வெளியே கேட்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வெளுத்ததும் பேயாக முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கரையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் ஒரு பெண், நைட்டி மேல் துண்டு, கையில் போன். எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு உள்ள போனாருக்கா. பால் ஊத்தப் போறவரு. தெனம் போற வழிதானே, கண்ண மூடிக்கினே போவேன்னு மொபெட்ட எடுத்துக்கினு போனாரு. அந்தாண்ட போயி சேரவே இல்லியாம். போன் அடிக்குது, எடுக்க மாட்றாரு."

சொல்லிக்கொண்டே மறுபடி அழுத்தினாள். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நுரைக்குள்ளிருந்து, எங்கேயோ நடுவிலிருந்து, ஒரு சாமிப் பாட்டு கேட்டது. நாதஸ்வரத்தோடு ஆரம்பித்து, முழுசாக ஓடி, நின்றது. அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே நாதஸ்வரம்.

தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். பிறகு எல்லாரும் என் ஜீப்பைப் பார்த்தார்கள். "ஃபோர் வீல்தானே மேடம்? ஒரே அழுத்து, உள்ள பூந்து வெளிய வந்துரும்," என்றான் ஒரு வாலிபன். "சாவியக் குடுங்க, நான் போறேன்." அவன் பாதம் அப்போதே ஆக்சிலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தது. அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஜீப் வைத்திருக்கிற எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான்: தண்ணீரில் இறங்கினால் நிற்காதே, காலை எடுக்காதே. நானே எத்தனையோ ஓடைகளில் அப்படி ஏறி வந்து பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் இங்கே உள்ளே ஒரு ஆள் விழுந்து கிடக்கிறான். ஒரே அழுத்து அழுத்தினால் அவன் மேல்தான் ஏற வேண்டும்.

"கூறு இருக்கா உனக்கு?" என்று அவனிடம் கத்தினேன். கோபம் அவன் மேல் இல்லை.

வண்டி இழுக்கும் கயிறு பின்னால் கிடந்தது. ஒரு முனையை முன் பம்பர் கொக்கியில் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டினேன். நான் முன்னால் தடவிக்கொண்டே நடப்பது, ஜீப் பின்னால் ஊர்ந்து வருவது. பாலத்தின் இரண்டு ஓரமும் முட்டியளவு கல் நட்டிருக்கும், அதைக் காலால் தொட்டுக்கொண்டே போகலாம். ஆளைக் கண்டால் வண்டியில் போட்டுக்கொண்டு வரலாம்.

"யாரு ஓட்டறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்கதான்."

அவர் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியாது. "வேலில போற ஓணானப் புடிச்சி மடில வுட்டுக்காதம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பயம் தெரியும்ல, அது போதும். முன்னால நான் போறேன்னாதான் நீங்க மெதுவா வருவீங்க."

லோ கியரில் முதல் கியரைப் போட்டுக் கொடுத்தேன். காலை எதிலும் வைக்க வேண்டாம், கிளட்சை விட்டால் அதுவாகவே நடை வேகத்தில் ஊரும். நிறுத்த வேண்டுமென்றால் சாவியைத் திருப்பிவிட வேண்டியது. அவ்வளவுதான் பாடம். பால்காரர் மனைவி பம்பர் பக்கத்தில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கயிறு தொய்ந்தால் பானெட்டில் தட்டுவாள், அவர் அணைக்க வேண்டும். அவளை வர வேண்டாம் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

இரண்டடி போனதும் என் கை எனக்குத் தெரியவில்லை. நுரை குளிர்ச்சியாக முகத்தில் ஒட்டியது. காதுக்குள் பொரிந்தது. வெளியே நின்றவர்களின் பேச்சு கதவைச் சாத்தினாற்போல அறுந்துபோனது. பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் என் ஜீப்பின் உறுமல். ஆனால் பின்னால்தானா என்று தெரியவில்லை. வலப்பக்கம் கேட்டது, பிறகு எதிரே கேட்டது. பத்து வருஷம் கேட்ட எஞ்சின், அதன் ஒவ்வொரு இருமலும் எனக்குத் தெரியும். அது என்னைத் தேடிக்கொண்டு வருவது போலிருந்தது. கயிறு தொய்ந்து காலில் சுற்றியது. டம் டம்மென்று பானெட்டில் தட்டினாள். எஞ்சின் நின்றது. சுத்தமான அமைதி. நுரைக் குமிழிகள் உடைகிற சத்தம் மட்டும், காதருகே, யாரோ கிசுகிசுப்பதைப்போல. நான் நாலடி நடந்து கயிறு இறுகியதும் மறுபடி எஞ்சின். மறுபடி தட்டல். இப்படியே போனோம்.

அவள் போனை அழுத்திக்கொண்டே வந்தாள். நாதஸ்வரம் இடது பக்கம் கேட்டது. திரும்பினால் வலது பக்கம். பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் பாட்டு பாதியில் அறுந்தது.

"சுவிட்ச் ஆஃப்னு வருதுக்கா," என்றாள் பின்னாலிருந்து.

என் காலில் ஏதோ இடித்தது. மொபெட், படுத்த வாக்கில். தாண்டிக் காலை வைத்தேன். ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது.

நான் போட்ட கூச்சலில் இவர் சாவியைத் திருப்பிவிட்டார். குனிந்து தடவினேன். தோள், முகம், மீசை. ஓரக்கல்லில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவளும் நானுமாக இழுத்துப்போய் ஜீப்பின் பின் சீட்டில் ஏற்றினோம். அவள் அவரை அடித்தாள், கட்டிக்கொண்டாள், மறுபடி அடித்தாள். எனக்கும் அழுகை வந்தது. அப்பாடா என்று பம்பரில் சாய்ந்தேன்.

"அவனையும் ஏத்துங்க," என்றார் பால்காரர்.

"யாரை?"

"எங்கூட இருந்தானே. விழுந்ததும் வந்து கையப் புடிச்சிக்கினான். எழுந்துக்காத, ஓரம் போனா ஆத்துல வுழுந்துருவ, இப்டியே குந்துன்னான். வடக்கத்தி ஆளு. கம்பெனிக்குப் போறவன் மாதிரி. பேசிக்கினே இருந்தான். நீங்க வர்ற வரைக்கும் கைய வுடவே இல்ல."

நான் குனிந்து தடவியபோது அவர் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

கயிறோடு திரும்பிப் போனேன். மொபெட் கிடந்த இடத்தைச் சுற்றி, கயிறு எட்டிய மட்டும், குனிந்து கையால் துழாவினேன். எந்த மொழியில் கூப்பிடுவது? "யாரது?" என்றேன். "யாரப்பா அல்லி?" என்றேன். "எவரண்டி அக்கட?" "கோன் ஹை பையா?" ஓசூரில் இருப்பவளுக்கு இத்தனையும் வரும். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிறகு, கயிறு இறுகி இடுப்பை வெட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம், யாரோ தொண்டையைச் செருமினார்கள். கேட்டேன். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்து இறுகியிருந்தது, நகம் பிய்ந்ததுதான் மிச்சம். "இன்னும் முன்னால வாங்க!" என்று இவரிடம் கத்தினேன்.

"முன்னால அவன் இருந்தா?" என்று கத்தினார் இவர்.

அவர் சொன்னதுதான் சரி. பால்காரருக்கு மூச்சு அடைக்கிறது என்று அவள் அலறினாள். வந்த வழியில் யாரும் இல்லை என்பது ஒன்றுதான் எங்களுக்கு நிச்சயம். நான் இடுப்புக் கயிறோடேயே ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்து, ஓரக்கல்லில் சக்கரம் உரச உரச, ரிவர்ஸிலேயே கரைக்கு வந்தேன்.

வந்ததும் ஹார்னை அழுத்தினேன். உள்ளே இருக்கிறவன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்று விடாமல் அழுத்தினேன். தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறு கட்டி உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், தலையாட்டினார்கள். காற்று எழுந்தது. நுரை பாளம் பாளமாகப் பிய்ந்து வயல் பக்கம் பறந்தது. மெல்ல மெல்லப் பாலம் தெரிந்தது. ஓரக்கற்கள், மொபெட், நசுங்கிய பால் கேன், அக்கரை, அக்கரையில் நிற்கும் ஜனங்கள். பாலத்தின் மேல் ஒருவரும் இல்லை. கீழே ஆற்றின் வளைவு வரைக்கும் தேடினார்கள். இரண்டு கரையிலும் கேட்டார்கள், யார் வீட்டு ஆளாவது வர வேண்டியிருக்கிறதா என்று. இல்லை. யாருக்கும் யாரும் குறையவில்லை.

"நுரையில மயக்கம் வரும். ஆள் இருக்கற மாதிரி தோணும்," என்றார் தீயணைப்புக்காரர் ஒருவர். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. எனக்கும்தான். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

ஒரு போலீஸ்காரர் மட்டும் விடவில்லை. ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த பால்காரரிடம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது பால்காரருக்கு. வலது கையை மட்டும் துடைக்கவிடாமல் மடியில் வைத்திருந்தார்.

"அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தான்னு சொல்றியே. அவம் பேரு என்னா? பேரு தெரிஞ்சா கம்பெனி கம்பெனியா கேட்டுருவோம்."

பால்காரர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பெரிய ஆண்பிள்ளை, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

"மொத வேலையா எம் பேரக் கேட்டான் சார். தூங்காத, தூங்காதன்னு அந்தப் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்ட்டுக்கினே இருந்தான். நான் அவம் பேர கேக்கவே இல்ல."