தங்கச்சி மகன்

துறைமுக அலுவலகத்தில் கப்பல்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் நெட்டை மனிதருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. போரில் அவருடைய காவல் படகு மூழ்கியபோது வயது இருபத்துமூன்று. ஆகவே இந்தக் கதையில் அவர் 'அவன்'தான்.

அந்தக் காவல் படகில் அவன் இரண்டாம் அதிகாரி. கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாத நாள் இல்லை என்பதால் முதுகுக்குப் பின்னால் 'நெட்டை', முகத்துக்கு நேரே 'சார்'. எல்லோரும் 'கரண்டி' என்று கூப்பிடும் சமையல்காரர் மட்டும் 'ஐயா' என்பார். இருபது வருட வேலையில் 'சார்' அவர் வாயில் ஏறவே இல்லை.

சண்டை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. முதல் குண்டு தண்ணீரில் விழுந்தது, இரண்டாவது சுக்கான் அறையில். கேப்டன் அங்கேயே உயிரை விட்டார். நெட்டை சங்கேதப் புத்தகத்தை மூழ்குவதற்காக ஈயம் வைத்த பையோடு கடலில் எறிந்தான். தலைக்குள் இருந்ததை எறிய முடியவில்லை. அன்றிலிருந்து பதினோராம் நாள் எந்த வழியாகச் சரக்குக் கப்பல்கள் வரும் என்று கேப்டனுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

படகு மெக்கானிக்கின் தொடைக் காயத்துக்குத் தன் சட்டையைக் கழற்றிக் கட்டினான். உயிரோடு மிஞ்சிய நெட்டை, கரண்டி, மெக்கானிக் மூவரையும் எதிரிகள் தண்ணீரிலிருந்து தூக்கியபோது அவன் உடம்பில் பனியனும் அரைக்கால்சட்டையும்தான் இருந்தன. யார் இவன் என்று கேட்டதற்குக் கரண்டி முந்திக்கொண்டார்.

"என் தங்கச்சி மகன். சமையல்ல எனக்குக் கையாள்."

மெக்கானிக் மருத்துவமனைக்குப் போனார். நெட்டையும் கரண்டியும் கைதி முகாமின் சமையல் கொட்டகைக்கு.

அங்கே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். இவர்களுடைய ஊர்த் துறைமுகத்தில் பல வருடம் துணி விற்றவர், இவர்கள் பேச்சு அத்துபடி. கேள்வி எதுவும் கேட்கமாட்டார், பக்கத்தில் நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். கைதிகள் வைத்த பெயர் 'காது'. யாராவது அதிகாரி என்று அவர் மோப்பம் பிடித்தால் விசாரணைக்குத் தனி அறைதான். அங்கே போய் வாய் திறக்காமல் வந்தவர் இல்லை.

"என்னை டேய்னு கூப்பிடணும்" என்றான் நெட்டை, பாத்திரம் தேய்த்தபடி.

"சரிங்கய்யா."

"யோவ் கரண்டி..."

"மாமனை யோவ்ங்கறது நல்லாவா இருக்கு? முதல்ல நீங்க மரியாதையா பேசிப் பழகுங்க."

கரண்டிக்கு 'டேய்' வந்தது. பின்னாலேயே மரியாதையும் வந்தது. "டேய், அந்த விறகை எடுங்க" என்பார், வாயைப் பொத்திக்கொள்வார். காது இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசியே எட்டு நாளை ஓட்டினார்கள்.

ஒன்பதாம் நாள் மதியம் கஞ்சி அண்டாவை இறக்கும்போது நெட்டையின் கையிலிருந்த துணி வழுக்கியது. அண்டா சாய்ந்து கஞ்சி தரையில் கொட்டியது.

"ஐயா, கால்... கால்..." என்று கத்தினார் கரண்டி.

வாசலில் காது நின்றிருந்தார். "ஐயாவா?" என்றார் நிதானமாக.

கரண்டி அண்டாவை நிமிர்த்தினார். "எங்கப்பா பேரை இவனுக்கு வெச்சிருக்கு. பெத்தவர் பேரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா? கோவம் வந்தா டேய், பாசம் வந்தா ஐயா."

"இனி முகாமே பட்டினி கிடக்கணும். இப்பப் போய் பாசமா? எந்த மாமனா இருந்தாலும் இந்நேரம் ஒண்ணு வெச்சிருப்பானே."

கரண்டியின் விரல்கள் மடங்கி விரிவதை நெட்டை பார்த்தான். அதிகாரி மேல் கை வைத்தால் என்ன தண்டனை என்று படகில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவனே அவன்தான்.

"மாமா, அடிச்சிடாதீங்க" என்றான். பயத்தில் சொன்னானா, யோசித்துச் சொன்னானா என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை.

அறை விழுந்தது. கன்னம் எரிவதற்குள் இன்னொன்று.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, தடிமாடு? துடைப்பத்தை எடுடா."

அந்த 'டா' சுத்தமாக வந்தது. சிந்திய கஞ்சியைத் தாண்டிக் காது போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் காவலர்கள் கடுகடுவென்று இருந்தார்கள். காரணம் சொல்லாமல் எல்லோருக்கும் ரொட்டியைப் பாதியாக்கினார்கள். கப்பல்கள் தப்பிவிட்டன என்பது அப்படித்தான் தெரிந்தது.

பதினான்கு மாதம் கழித்து இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் விசாரணை அறையில், நெட்டை எழுதிக் கொடுத்ததைக் கமாண்டர் இரண்டு முறை படித்தார்.

"சமையல்காரர் உங்களை அடிச்சாரா?"

"ஆமா சார். அடிக்காம இருந்தாத்தான் தப்பு."

"அந்த மொழிபெயர்ப்பாளன் கேட்டது ஒரு அறை. நீங்க ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க."

"நானும் கரண்டிகிட்ட கேட்டேன் சார். ரெண்டாவது கொட்டின கஞ்சிக்குன்னு சொன்னார்."