இரண்டு வரிகளில் என் இதயம்

நான் வேலை பார்த்த ஆம்பூர் ஷூ கம்பெனியின் மாடிப்படியில்தான் எனக்கு முதன்முதலில் மூச்சு முட்டியது. எண்பதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் குழந்தை இல்லை. அந்த ஏக்கத்தில், மூச்சு வாங்குவதையும் நல்ல சேதியின் அறிகுறி என்று நினைத்தே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சின்ன வயசுல தொண்டை வலி வந்து, அப்புறம் முட்டி வீங்கிச்சா?"

"ஜாஸ்தியா வீங்கிச்சு டாக்டர். ஸ்கூலுக்கே போகல."

ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குவது) என்றார். என் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள கதவு) சுருங்கியிருந்தது. ஆபரேஷன் முடியும்வரை கர்ப்பம் கூடாது.

"தொண்டைக் கிருமி இதயத்துக்கு எப்படிப் போச்சு?"

"கிருமி போகல ஷமீம். உங்க உடம்புதான் ஆள் மாறி அடிச்சிருக்கு."

ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மேல் வரியில் கிருமியின் புரதம், கீழ் வரியில் இதயத் தசையின் புரதம். ஒவ்வொரு எழுத்தும் புரதத்தின் ஒரு கண்ணி. இரண்டிலும் ஒரே எழுத்து வந்த இடங்களில் சிவப்புக் கோடு. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள், அந்தச் சாயலைப் பார்த்து இதயத்தையும் தாக்கியிருக்கலாம். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்றார்.

நான் கோடு போடாத இடங்களையே தேடிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் வித்தியாசமா இருந்திருக்கக் கூடாதா?"

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷனில் வால்வை விரித்துவிட்டார்கள். காலை வெயிலில் மூச்சு வாங்காமல் நடந்தேன். டாக்டர் அனுமதித்த பிறகு கர்ப்பமானேன். ஐந்தாம் மாதம் மறுபடி மூச்சுத் திணறியது. குழந்தை தங்கவில்லை.

தோல் பதனிடும் டேனரியிலிருந்து நேராக வந்த என் கணவர் பஷீர், கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை வேணாம் ஷமீம். எனக்கு நீ இருந்தா போதும்."

"எனக்குப் போதலீங்க" என்றேன். அவரும் அழுதார்.

இன்னொரு கர்ப்பத்தை என் இதயம் தாங்காது என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு: காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை நிறுத்தாதீர்கள். குழந்தைக்குத் தொண்டை வலி வந்தால் சும்மா விடாதீர்கள்.

இப்போது எனக்கு மாதக் கணக்கு கிடையாது. ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரை ஒரு காலம். என் உடம்பின்மேல் கோபமும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அது கை ஓங்கியது. இடது பக்கம் படுத்தால் இதயம் காதில் கேட்கிறது. இந்தச் சத்தத்தோடு இன்னொரு சின்னச் சத்தமும் ஐந்து மாதம் இருந்தது. இப்போது ஒன்றுதான் கேட்கிறது. இருந்தும் காது கொடுத்தபடியே படுத்திருக்கிறேன்.