அவர் குப்பை என்று சொன்ன ஃபைல்கள்

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போன பிறகு, என் கணவர் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்துதான் எங்களோடு பேசினார். அவர் இறந்த பின்னும் அந்த ஃபைல்களை வைத்திருந்தேன். போன மாதம் பூந்தமல்லியில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, கடைக்காரரே எல்லாவற்றையும் அதற்கு மாற்றித் தந்தார். நூம்பலில் வீட்டுக்கு வந்து திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் விளங்காத குறிகளுமாகக் கிடந்தன. திரும்பக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

"எல்லாம் கரப்ட் ஆயிக்கீதும்மா. குப்பை. அழிச்சிட்டா இடமாவது மிச்சமாவும்" என்று கடைக்காரர் மவுஸை நகர்த்தினார்.

"கையை எடுய்யா! அது என் வீட்டுக்காரர் பேசினது!" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது.

வீட்டில் பழைய கம்ப்யூட்டரை மறுபடி போட்டுத் தேடினேன். என் கணவர் பயன்படுத்திய பழைய தமிழ் ஃபான்ட், அதாவது எழுத்துரு, அதில் இருந்தது, புதியதில் இல்லை. அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். அவ்வளவுதான் கோளாறு. இதைக்கூடப் பார்க்காமலா அழிக்கப் போனான்? ஃபான்டைப் புதியதில் ஏற்றியதும் முதல் வரி தமிழில் தெரிந்தது: "டிவி சத்தத்தைக் குறை. எத்தனை தடவை சொல்றது?"

அழுதேன். ஆனாலும் அந்தக் கடைக்காரன் மேல் வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.