ஏலாதுக்கு முன்னால் ஓர் ‘இன்னும்’

சுனாமிக்கு அடுத்த வருசம், இருபத்து மூன்று வயதில், எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் கிராமத்தில் பெண்களுக்கு நீச்சல் பழக்குவதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண்களுக்கு இங்கிலிஷ் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். நீச்சல் மட்டும்தான் தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த ஊரில் அலை கொண்டுபோனதில் பெண்கள்தான் கூடுதல். ஆண்கள் நடக்கிற வயதிலிருந்தே வாவியில் குதித்து வளர்ந்தவர்கள். பெண்கள் கரையில் வளர்ந்தவர்கள். மிச்சமிருந்தவர்கள் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள், இரவில் நாய் குரைத்தாலும் எழும்பி ஓடினார்கள். நீச்சல் வகுப்பு என்றதும் பலர் சிரித்தார்கள். ஆனாலும் முதல் நாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

முழங்கால் அளவு தண்ணீரில், சட்டை பாவாடையோடு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள். பயிற்றுநர் மிக அன்பான குரலில் பேசினார். நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன்.

“பயப்படாதீங்க. அந்த அலையை நினைக்காதீங்க. தண்ணிக்குள்ள தாண்டு மூழ்கிப் போயிருவம் எண்டு யோசிக்காதீங்க.”

நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லா முகங்களும் மாறிவிட்டன. நினைக்க வேண்டாம் என்று சொன்ன கையோடு அந்த அலை அவர்கள் முன்னால் வந்து நின்றது. ஒருத்தி பின்னால் காலை வைத்தாள். பிடித்திருந்த கைகளோடு எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். ஒரு பெண் மணலில் குந்தியிருந்து அழுதாள்.

அடுத்த நாள் ஒரே ஒருவர்தான் வந்தார். நாற்பது வயதிருக்கும். வாவிச் சேற்றில் மட்டிச் சிப்பி எடுத்து, அவித்து, சந்தையில் விற்பவர். அலையில் தங்கையை இழந்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

“நான் வரமாட்டன் எண்டு சொல்லத்தான் வந்தனான் தங்கச்சி,” என்றார். “எனக்கு நீந்த ஏலா. தண்ணிக்கும் எனக்கும் ஒத்துவராது.”

 அவர் போய்விட்டால் வகுப்பும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. பேச்சை நீட்டுவதற்காகத்தான் கேட்டேன்.

“மட்டி எடுக்கக்குள்ள எவ்வளவு தண்ணியில நிப்பீங்க அக்கா?”

“இடுப்பளவு. சில நாள் நெஞ்சளவு.”

“எவ்வளவு நேரம்?”

“வெள்ளன இறங்கினா ஒரு நாலு மணித்தியாலம்.”

“எத்தினை வருசமா?”

“கலியாணம் முடிச்ச நாள்லயிருந்து. இருபது வருசம் இரிக்கும்.”

“அப்ப தண்ணிக்கும் உங்களுக்கும் இருபது வருசமா ஒத்துவந்திரிக்கே அக்கா.”

அவர் திரும்பி வாவியைப் பார்த்தார். பிறகு, “அது வேற, இது வேற” என்றார்.

“என்ன வேற?”

“அது காலை ஊண்டி நிக்கிற. இது காலை விடுற.”

 ஒரு நிமிடத்துக்கு முன் முழு வாவியும் அவருக்குப் பகையாக இருந்தது. இப்போது அந்தப் பகை சுருங்கி, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்கிற அந்த ஒரு கணத்துக்குள் போய்விட்டது. சுருக்கியது நானல்ல, அவர்தான். நான் கேட்டது மட்டும்தான்.

“அப்ப காலை விடத்தான் இன்னும் ஏலாமக் கிடக்கு.”

“ஓம். அதுதான் இன்னும் ஏலாமக் கிடக்கு.”

‘இன்னும்’ என்ற சொல்லை நான் திட்டமிட்டுப் போடவில்லை. அது தானாக வாயில் வந்தது. ஆனால் அவர் அதை எடுத்துத் தன் சொல்லாகத் திருப்பிச் சொன்னதை நான் கவனித்தேன். ஏலாது என்பது மூடிய கதவு. இன்னும் ஏலாது என்றால் கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. அக்கா அதைக் கவனிக்கவேயில்லை. அன்று அவர் வீட்டுக்குப் போகவுமில்லை. “சரி, என்னதான் செய்யிற எண்டு பாப்பம்” என்று தண்ணீரில் இறங்கினார்.

சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது எனக்குள் பேசிக்கொண்டே மிதித்தேன். பாலத்தில் எதிரே வந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கத்தில் பெண்கள் சொன்னவை, வலப்பக்கத்தில் நான் கேட்கக்கூடியவை. ‘நீச்சல் ஆம்பிளைகள்ட வேலை’ என்பதற்கு எதிரே, ‘வாத்து நீந்துதே, அதில ஆம்பிளை எது பொம்புளை எது?’ என்று எழுதி, வெட்டினேன். அது கேலி. கேலியால் யாரும் மனம் மாறமாட்டார்கள். ‘உங்கட ஊரில நீந்தத் தெரிஞ்ச ஒரு பொம்புளையாவது இருந்தவவா?’ என்று எழுதினேன். அது நன்றாக இருந்தது. மற்றவர்களும் வரத் தொடங்கிய பிறகு கேட்டபோது, தன் பெரியம்மா வாவியைக் குறுக்கே நீந்திக் கடப்பார் என்று ஒருத்தி சொன்னாள். அவளே அதை மறந்துபோயிருந்தாள்.

அக்கா போய்ப் பேசி மற்றவர்களையும் கூட்டிவந்தார். ஒரு கிழமையில் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். அதன் பிறகு நான் நேர்மையான மொழிபெயர்ப்பாளராக இருக்கவில்லை. ‘முகத்தை நனைக்கப் பயப்பட வேண்டாம்’ என்று பயிற்றுநர் சொல்வார். நான், “அடியில மட்டி கிடக்கா எண்டு குனிஞ்சு பாருங்க” என்பேன். ‘உடலை இறுக்காதே’ என்பார். நான், “நித்திரையாப் போன புள்ள தோளில கிடக்குமே, அப்பிடிக் கிடங்க” என்பேன்.

இப்படிச் சொல்லத் தொடங்கிய நாலாவது நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நான் நாலு சொல் சொன்னால் நீ இருபது சொல் சொல்கிறாய். அவர்கள் சிரிக்கிறார்கள். என்ன சொல்கிறாய்?”

வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஆனாலும் கொப்பியை எடுத்து முழுவதையும் விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: “உடம்பு என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்கிறேன். அதை எப்படிச் சொல்வது என்பது உன் பொறுப்பு.”

அக்கா மிதந்த நாள் நல்ல வெயில். மல்லாந்து கிடக்க வேண்டும். பயிற்றுநர் முதுகுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றார். அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“முதல்ல தலையைச் சாய்க்கப் போறீங்களா, காலை உயர்த்தப் போறீங்களா?” என்று கரையில் நின்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “தலையை,” என்றார்.

சாய்வதா வேண்டாமா என்ற கேள்வி அங்கே காணாமல் போயிருந்தது. தலை சாய்ந்தது. கால் தானாக எழும்பியது. சொல்லாமல் கையை எடுக்கக்கூடாது என்று பயிற்றுநரிடம் முதலே கேட்டிருந்தேன். ஏமாற்றி மிதக்கவைத்தால் அந்த மிதப்பு அவருடையதாக இருக்காது. “அக்கா, மிஸ் இப்ப கையை எடுக்கப்போறா. அவ எடுத்தாப் பொறகும் தண்ணி பிடிச்சுக்கொண்டுதான் இரிக்கும்.” அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார். கை விலகியது. பாவாடை தண்ணீரில் விரிய, அவர் ஆடாமல் கிடந்தார். 

எழும்பி நின்றதும் அவர் சொன்னது மெல்லிய குரலில்தான். “தண்ணி எடுத்துக்கொண்டு போயிரும் எண்டுதான் நினைச்சிரிந்தன். இது தூக்குது தங்கச்சி.”

அந்த வசனத்துக்கு எதிரே என் கொப்பியில் எழுத ஒன்றுமில்லை.

எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. சொல்லால் எதையும் நகர்த்தலாம் என்று நினைத்தேன். கடைசிக் கொட்டிலில் ஒரு பெண் இருந்தார். இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர், வகுப்புப் பக்கமே வராதவர். யாரையும் கேட்காமல் ஒருநாள் பின்னேரம் அவரிடம் போனேன். “எங்கட கண்ணுக்கு முன்னால கடல் எல்லாத்தையும் எடுத்தது,” என்று அவர் சொன்னார். எனக்குச் சட்டென்று கேள்வி கிடைத்துவிட்டது.

“எல்லாத்தையும் எடுக்கேல்லையே அக்கா?”

அவர் என்னைப் பார்த்தார். “என்ட ரெண்டையும் எடுத்தது,” என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் போட்டிருந்த சீலையை இழுத்துவிட்டார்.

 மட்டி அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மட்டி கழுவிக்கொண்டே கேட்டார்.

“அவ உங்களிட்ட ஏதாவது கேட்டவவா?”

“இல்ல.”

“நான் வரமாட்டன் எண்டு சொல்ல வந்தாலும் வந்தனான்தானே. நடந்து வந்தனான். அவ வரல்ல. வராத ஆளுக்கு நீங்க கதவு திறக்கப் போயிரிக்கீங்க.”

மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.  பத்து நாள் கழித்து அவராகவே கரைக்கு வந்து, குளித்து வருபவர்களின் துவாய்களையும் மாற்றுச் சட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு தினமும் வந்தார். தண்ணீரில் இறங்கவேயில்லை. நானும் ஒரு நாளும் கேட்கவில்லை.

எனக்குப் பாடம் வேறு பக்கமிருந்தும் வந்தது. ஒருநாள் எல்லோரும் நெஞ்சளவு தண்ணீரில் நிற்க, நான் வழக்கம்போல் கரையிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார்.

“தங்கச்சி நீங்க எப்ப இறங்கிற?”

“எனக்கு ஏலா அக்கா. காது வருத்தம்.”

“எந்தக் காது?”

நான் முழித்தேன். அவர்கள் சிரித்தார்கள். “சின்ன வயசிலயிருந்தே எனக்குத் தண்ணி சரிவராது,” என்றேன். சொல்லும்போதே என் கொப்பியின் இடப்பக்கம் கண்ணில் தெரிந்தது.

அக்கா முகத்தை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “அது சரி,” என்றார். “இறங்கக்குள்ள உங்கட கொப்பியை எங்க வைக்கப் போறீங்க? தோணிக்குள்ளயா, சைக்கிள் கூடைக்குள்ளயா?”

“கூடைக்குள்ள,” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் விளங்கியது. பதினொரு பெண்களும் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தார்கள். பயிற்றுநருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் அவரும் சிரித்தார். என் சொந்த வலையில் நானே மாட்டியது எனக்கும் அவ்வளவு சந்தோசமாக இருந்தது. கொப்பியைக் கூடைக்குள் வைத்துவிட்டு உடுத்த சட்டையோடு இறங்கினேன். அக்கா என் முதுகுக்குக் கீழே கையை வைத்தார். காதுக்குள் தண்ணீர் புகுந்து ஊரின் சத்தமெல்லாம் அடங்க, வானம் மட்டும் மிஞ்சியது. “கையை எடுக்கப்போறன்,” என்று அவர் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. எடுத்தார். நான் கிடந்தேன். அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அடுத்த வருசம் சண்டை திரும்பத் தொடங்கியது. பயிற்றுநர் போய்விட்டார். வகுப்பு நின்றது. அதற்குள் நானும் நீந்தப் பழகியிருந்தேன். வாவிக்கு மேற்கே இருந்த சனம் மூட்டைகளோடு இந்தப் பக்கம் வந்து பாடசாலைகளில் நிறைந்தார்கள். வெல்லாவெளிப் பக்கத்து ஆட்கள் இருந்த ஒரு முகாமில் நான் வேலை செய்தேன். “எங்கட வயலுக்கு இனிப் போக ஏலா,” என்று அவர்கள் சொன்னபோது நான் கொப்பியைத் திறக்கவில்லை. ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது அவர்கள் மனதின் தடை இல்லை, உண்மை. இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் சொல்வித்தை காட்டுவது பாவம் என்று அப்போது விளங்கியது. அந்த நாட்களில் தண்ணீர் வாளிகளை நிரப்பிக்கொடுத்தேன், கடிதங்கள் எழுதிக்கொடுத்தேன்.

யுத்தம் முடிந்தபோது எங்கள் பக்கத்தில் பெரிய ஆரவாரம் இருக்கவில்லை. காணாமல் போய்த் தேடவேண்டிய ஒருவர் இல்லாத வீடு குறைவு. ஆனால் சில மாதங்களில் கடலுக்குப் போக யுத்தத்துக்காகப் போட்டிருந்த நேரக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஒரு நாள் அக்காவின் போன் வந்தது.

“ஞாயிற்றுக்கிழமை வெள்ளன வாங்க தங்கச்சி. கடலுக்குப் போறம்.”

“வாவிக்கா?”

“கடலுக்கு.”

அக்காவோடு ஆறு பெண்கள் நின்றார்கள். கடல் அடங்கிக் கிடக்கும் மாதம், அலை முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. அக்காவின் புருசன் ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டுபோய் கயிற்றோடு காவல் நின்றார். அவர்களில் ஒருத்தி புதிது, கலியாணம் முடித்து அந்த ஊருக்கு வந்தவள். வாவியில் நன்றாக நீந்துவாள். கடலைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“கடல் என்னையே பாத்துக்கொண்டு இரிக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

நான் வாயைத் திறக்கப்போனேன். அக்கா முந்திக்கொண்டார். “அப்ப நாமளும் அதைப் பாப்பம். எவ்வளவு நேரம் பாக்கவேணும், நீயே சொல்லு.”

“கொஞ்ச நேரம்.”

மணலில் வரிசையாக இருந்து பார்த்தோம். அக்கா ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தப் பெண் கடலைப் பார்த்தாள், தோணியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு எழும்பி, பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, முதல் ஆளாக இறங்கினாள்.

அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் தண்ணீர் எண்ணெய் மாதிரி இருந்தது. ஏழு பேரும் தோணியைச் சுற்றி நீந்தினோம். அக்கா மல்லாந்து கிடந்து தன் தங்கையின் பெயரை ஒரு தரம் சொன்னார்.  பிறகு திரும்பிக் கவிழ்ந்து, எங்கள் எல்லோரையும் விட வேகமாகக் கரைக்கு நீந்தினார்.

கரையில் புருசன்காரன் போத்தலில் கொண்டுவந்திருந்த தேத்தண்ணியைக் குடித்து, பொதியை அவிழ்த்து ரொட்டியைச் சுற்றிவர இருந்து தின்றோம். எல்லோருக்கும் பயங்கரப் பசி. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை.