கிளுவையின் முகம்

சனூஸாவை மரம் வளர்க்கப் பழக்கியது ஆடுகள்தான். கிண்ணியாவில் களப்பைப் பார்த்துப் போகிற ஒழுங்கையில் முன்பு ஒரு கிளுவை வேலி இருந்தது. ஒழுங்கையில் போகிற வருகிற ஆடெல்லாம் அந்த வேலியில் வாய் வைக்கும். குருத்து விட விடக் கடிக்கும். மரமும் விடாமல் துளிர்க்கும். வருசக்கணக்காய் இப்படிக் கடிபட்ட, வேலிக்கு ஊன்றின ஒரு கதியால் இடுப்பு உயரத்துக்கு மேல் போகவே இல்லை. ஆனால் அடி பருத்து, முண்டும் முடிச்சுமாய், நூறு வயதுக் காட்டு மரத்தை யாரோ சுருக்கி நட்டு வைத்தது போல நின்றது.

சனூஸா கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பாள். ஆட்கள் கூடின இடத்தில் அவளுக்கு வாய் பூட்டிக்கொள்ளும். ஆனால் கண் எதையும் விடாது. வேலியைப் பிடுங்கி மதில் கட்டிய நாளில், விறகுக் குவியலுக்குள் கிடந்த அந்தக் கதியாலைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். பிறகு ஆடு செய்த வேலையைத் தன் கத்தரிக்கோலால் செய்யத் தொடங்கினாள். இதற்குப் பொன்சாய் என்று ஒரு பெயர் இருப்பது, வெகு காலத்துக்குப் பிறகு மகள் அசனா போனில் படம் காட்டியபோதுதான் தெரிந்தது.

மரத்துக்குத் தட்டும் அவளே வார்த்தாள். கலியாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டுத்தான் அச்சு. ஓட்டை விழுந்து ஒதுக்கின ஒரு பெரிய சஹனுக்குள் சீமெந்து குழைத்துப் பூசி, தண்ணீர் வடிய நடுவில் பப்பாசி இலைக் குழாயைச் செருகி வைத்தாள். காய்ந்ததும் அழகான தட்டையான சட்டி கிடைத்தது. பம்ப் திருத்துகிற ஒரு நானாவின் கடையிலிருந்து எரிந்த மோட்டரின் செம்புக் கம்பி வரும். அதைக் கிளையில் சுற்றி மெல்ல மெல்ல வளைப்பாள். கிளுவைக்குப் பிறகு ஒரு இலுப்பை வந்தது, ஒரு கொன்றை வந்தது. வாசலில் மதிலோரம் வரிசையாகத் தட்டுகள் நின்றன.

எல்லாம் இலை உதிர்க்கிற மரங்கள். மாரி முழுக்கப் பச்சையாய் இருந்துவிட்டு, கோடையில் கச்சான் காற்று அனலாய் அடிக்கத் தொடங்கினதும் ஒவ்வொன்றாய் உதிர்த்துவிட்டு வெறும் கொம்பாய் நிற்கும். மற்றவர்கள் பார்க்க விரும்பாத அந்தக் கோலம்தான் சனூஸாவுக்குப் பிடிக்கும். இலை மறைத்திருந்த வளைவெல்லாம் அப்போதுதான் தெரியும். கிளுவையின் தோல் வெங்காயச் சருகு போல உரிந்து உள்ளே பச்சை மினுங்கும். அந்த நாட்களில் தண்ணீர் ஊற்ற மாட்டாள். இலை இல்லாத கிளுவை குடிக்காது. ஊற்றினால் வேர் அழுகும். மண் பொடியாகப் பறக்காமல் இருக்க விரலால் தெளிப்பாள், அவ்வளவுதான்.

"தண்ணி திறக்கிறதும் இல்ல, ஆர் கேட்டாலும் குடுக்கிறதும் இல்ல. நம்மட வாசலுக்கு வட்டவிதானை இவதான்," என்று அவளுடைய மனிசன் நௌபர் பகிடி பண்ணுவார். அவர் வயல்காரர். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிற வட்டவிதானையோடு போகம் போகமாய்ச் சண்டை பிடிக்கிறவர். கொம்பாய் நிற்கிற மரங்களில் அவருக்கு ஒரு ருசியும் இல்லை. ஆனால் வண்டியைத் திருப்பும்போது தட்டில் முட்டாமல் திருப்புவார்.

அந்த வருசம் அசனாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை அஸ்ஹான் மூதூர்ப் பிள்ளை. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து இருப்பார். தாய் தகப்பனுக்கென்று பின்வளவில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டியாயிற்று. சிறுபோக நெல் வெட்டினதும் கலியாணம் என்று நாள் வைத்தார்கள். அதற்கு முன்னே மாப்பிள்ளையின் தாய் ஆமினா உம்மா, நாலைந்து பெண்களோடு வீடு பார்க்க வந்தார்.

நல்ல மனிசிதான். மனதில் வந்ததை வாயில் நிறுத்தத் தெரியாதவர், அதுதான் குறை. வாசல் கேற்றுக்குள் கால் வைத்ததுமே நின்றுவிட்டார்.

"இதென்ன தங்கச்சி, பட்ட மரமெல்லாம் வாசல்ல?"

"பட்டதில்ல மாமி, உம்மா வளர்க்கிறா," என்றாள் அசனா அவசரமாய்.

"வளர்க்கிறதெண்டா பச்சையா இருக்கணும் மகள். நான் ஆக்கள அடக்கிற கப்றடிக்குள்ள வந்திட்டனோ எண்டு நினைச்சன். என்ட மகன் புது மாப்பிள்ளையா வந்து முதல் கால் வைக்கிற வாசல் இது. பூச்சட்டி கொஞ்சம் வாங்கி வைங்களன்."

கூட வந்தவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். இது சாவில்லை, நித்திரை, மழை விழுந்தால் வந்து பாருங்கள் என்று சொல்ல சனூஸாவுக்கு ஆசைதான். ஆனால் "தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்," என்றுதான் வெளியே வந்தது. குசினி வாசலில் சாய்ந்து நின்ற நௌபர், அவள் முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு அசனா தாயின் பக்கத்தில் வந்து குந்தினாள். "உம்மா, கோபமில்லையே? கலியாணம் முடியும் வரைக்கும் பின்னுக்கு வைப்பமா?"

"ஓம் மகள். எப்படியும் அங்கதானே போகணும்."

சின்னத் தட்டுகளை இரண்டு பேருமாய்த் தூக்கிப் பின்வளவில் வைத்தார்கள். கிளுவைத் தட்டை அசைக்க முடியவில்லை.

"அது கிடக்கட்டும். அத நான் பார்க்கிறன்," என்றார் நௌபர்.

பிறகு கலியாண வேலை எல்லோரையும் இழுத்துக்கொண்டது. சனூஸா திருகோணமலை ரவுனுக்குப் புடவை எடுக்கப் போனாள். கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டில் இருந்து பலகாரம் சுட்டாள். வீட்டுக்கு வருகிற நேரமெல்லாம் நௌபர் கிளுவையின் பக்கத்தில் நிற்பது கண்ணில் பட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாற்றுமேடையைப் பார்ப்பது போலக் குனிந்து பார்ப்பார். இவளைக் கண்டதும் மதிலைப் பார்ப்பது போல நகருவார். பின்வளவுக்குக் கொண்டு போக அளவெடுக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

ஒரு நாள் ராத்தா வீட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது புளித்த கஞ்சி மணம் மூக்கில் அடித்தது. காற்று மதில் பக்கமிருந்து வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். தட்டின் மண் கறுத்து, நனைந்து, பாசி பிடித்திருந்தது. அடிமரத்தை விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. மண்ணின் ஓரத்தில் சீனி போல வெள்ளைக் குறுணி ஒட்டியிருந்தது. அது சீனி இல்லை என்று வயல்காரன் பெண்சாதிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிறுபோகத்துக்கு வாங்கி மிஞ்சின யூரியாப் பை கொட்டிலுக்குள் இருந்தது. பயிர் மஞ்சளித்தால் நௌபர் செய்கிற வேலை அதுதான்: யூரியா எறிந்து தண்ணீர் கட்டுவார். இரண்டாம் மூன்றாம் நாள் வயல் கரும்பச்சையாய் நிமிரும். கொம்பாய் நின்ற மரத்துக்கும் அதையே செய்திருக்கிறார். எதற்காகச் செய்தார் என்பதும் அவளுக்கு உடனே விளங்கியது. அதனால்தான் கோபப்படக்கூட முடியவில்லை. அந்த இடத்திலேயே குந்தி அழுதாள். ஆனால் கனநேரம் அழ முடியாது. அழுகல் நாளுக்கு நாள் மேலே ஏறும். கிளை பிரிகிற கவர் வரைக்கும் போய்விட்டால் மரம் இல்லை.

அடுத்த நாள் பகல் நௌபர் ஜும்மாத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, சாக்கை விரித்து, தட்டைச் சரித்து மரத்தை வெளியே எடுத்தாள். வேர்களெல்லாம் மரவள்ளிக் கிழங்கு போலத் தடித்தவை. பாதி வேர் கைபட்டதும் தோல் கழன்று சேறாய் வந்தது. மற்றப் பாதியை நகத்தால் கீறினாள். பால் கசிந்து வாசம் வந்தது. ஒரு பக்கம் உயிர் இருக்கிறது, மறு பக்கம் இல்லை. அழுகின பக்கத்தை வேரிலிருந்து அடிமரம் வரைக்கும் அரிந்து எடுக்க வேண்டும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மரம் அரிகிற வாளை இழுக்கப் பார்த்தாள். மரம் வழுக்கியது.

கேற் திறந்த சத்தம் கேட்டது. அன்றைக்குப் பார்த்து நௌபர் வழியில் ஒருவரோடும் கதைக்க நிற்கவில்லை.

"என்ன இது? ஏன் புடுங்கினாய்?"

கறையான் என்று சொல்வதாய்த்தான் அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். கறையான் அரித்துவிட்டது, யாரும் ஒன்றும் செய்ய ஏலாது. சொன்னால் அவர் நம்புவார். கலியாண வீட்டில் முகம் வாடாமல் திரிவார். அவர் சாக்கில் கிடந்த கறுத்த வேர்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் போட்ட யூரியாவாலயா?"

வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் வராமல் போன வார்த்தை இந்த முறை தடக்காமல் வந்தது.

"ஓம்."

"தண்ணியும் ஊத்தினன்."

"தெரியும்."

"மாப்பிள்ளை வாற நாள் பச்சையா நிண்டா, அந்த மனிசிட வாய் மூடுமெண்டு நினைச்சன்."

"அதும் தெரியும்."

நௌபர் வெள்ளைச் சாரத்தோடேயே எதிரில் குந்தினார். "ஏசன் என்னை. ஏசாம இருக்காத."

"ஏசிறதுக்கு இப்ப நேரமில்ல. இதப் பிடிங்க. ஆடாம."

அவர் பிடித்தார். நெல் மூட்டை தூக்குகிற கை. பிடித்தால் மரம் அசையாது. அவள் வாளை இழுத்தாள். ஒவ்வொரு இழுப்பிலும் மண்ணிறத் தூள்தான் கொட்டியது. வெள்ளை தெரியும் வரைக்கும் இழுத்தாள். கேற்றைப் பார்த்து நீண்டிருந்த தாழ்கிளை, அவள் கம்பி சுற்றி வளைத்தவற்றில் மிக அழகானது, அழுகின பக்கத்தில் இருந்தது. அதைத் தொட்டதும் ஒரு கணம் வாள் நின்றது.

"அதையுமா?" என்றார் நௌபர்.

அவள் தலையசைத்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிடி மட்டும் தளரவில்லை.

வெட்டின இடமெல்லாம் மஞ்சளும் அடுப்புச் சாம்பலும் அப்பி, வெறும் வேரோடு நிழலில் காய வைத்தாள். காயம் காய்ந்ததும் குறுமணலில் நட்டு, பின்வளவில் தாழ்வாரத்தின் கீழ் வைத்தார்கள். அவள் கேட்காமலே நௌபர் தூக்கி வந்தார்.

"வயலெண்டா பச்சை பிடிச்சிருக்கும்," என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"வயல் நித்திரை கொள்றதில்ல. இது கொள்ளும்."

கலியாணம் நல்லபடி நடந்தது. வாசலில் வாடகைப் பூச்சட்டிகள் வரிசையாய் நின்றன. ஆமினா உம்மா சனூஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப பாருங்க தங்கச்சி, வாசல் எவ்வளவு வெளிச்சம்," என்றார். சனூஸா சிரித்தாள். அந்த மனிசிக்குத் தெரியாத ஒன்றுக்காக அவரைக் கோபிக்க அவளுக்கு மனம் வரவில்லை. நௌபர்தான் சோற்றுப் பந்தலில் வேலை இருப்பது போல எழும்பிப் போய்விட்டார்.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் பின் வீட்டுக்கு வந்தார்கள். மழை தொடங்கியது. இலுப்பை செம்புக் குருத்து விட்டது, கொன்றையும் துளிர்த்தது. கிளுவை அப்படியே நின்றது. அதில் மழை விழாதபடி நௌபர் தாழ்வாரத்தில் ஒரு தகரம் அடித்துக் கொடுத்தார். காலையில் வயலுக்குப் போகும் முன், "இண்டைக்கும் ஊத்த ஏலாதா?" என்று கேட்பார். "ஏலாது," என்பாள் அவள். அது சலாம் சொல்வது போல ஒரு வழக்கமாகிவிட்டது. தனியாய் இருக்கும்போது அவள் தோலை நகத்தால் கீறிப் பார்க்கக் கை நீட்டுவாள். பச்சை இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கையை எடுத்துவிடுவாள்.

பெரும்போக விதைப்பு முடிந்து நௌபர் வீட்டில் நின்ற ஒரு மழைக் காலை. சனூஸா கிளுவைத் தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய் நகர்த்தித் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு அத உருட்டிறாய்?"

"முகம் போயிட்டுது. தாழ்கிளை இருந்த பக்கம்தான் இதுக்கு முகம். இப்ப எந்தப் பக்கம் பார்த்தாலும் முதுகு மாதிரி இருக்கு." தட்டை அவர் பக்கம் தள்ளி, "நீங்க பாருங்களன். எந்தப் பக்கம் முகமா வைக்கலாம்?" என்று கேட்டாள்.

இத்தனை வருசத்தில் அவள் அவரிடம் மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. நௌபர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வந்து குந்தினார். ஒரு பக்கம் பார்த்தார். நகர்ந்து மறு பக்கம் பார்த்தார். வெட்டின காயம் உலர்ந்து சாம்பல் நிறத்தில் குகை போலத் தெரிந்தது. "இது வேணாம்," என்று நகர்ந்தார். பிறகு சுவர்ப் பக்கமாய்த் தலையைச் சரித்து, நெல் முளையைப் பார்க்கிற கண்ணால், மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

"சனூஸா. இதென்ன, கடுகு மாதிரி?"

அவள் சுவருக்கும் தட்டுக்கும் இடையில் முகத்தைக் கொண்டு போனாள். உரிந்த சருகுத் தோலைத் தள்ளிக்கொண்டு ஒரு பச்சைப் புள்ளி. அதற்கு மேலே இன்னொன்று. இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள், ஊதினால் விழுந்துவிடும் என்பது போல.

"அப்ப இந்தப் பக்கம்தான் முகம்," என்றார் நௌபர்.

"ஓம்," என்றாள் அவள். அந்தப் பக்கத்தை மெல்லத் தங்கள் கதவைப் பார்க்கத் திருப்பினாள்.

அவர் எழும்பவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய கோப்பையை எடுத்து, மிச்சத் தேத்தண்ணியை வெளியே ஊற்றி, குடத்துத் தண்ணீரில் அலசி, அரைவாசிக்கு நிரப்பி நீட்டினாள்.

"இவ்வளவுதான். மெல்ல ஊத்துங்க."