நஞ்சுக்கொடியில் நீலத் துகள்

ஒரகடம் சாலையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேதியியல் முதுகலை படித்தவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கர்ப்பம் என்று தெரிந்ததும் உற்பத்தி லைனில் நின்று வேலை செய்யும் பெண்களை லைட் டியூட்டிக்கு மாற்றுவது எங்கள் வழக்கம். லைட் டியூட்டி என்றால் கிரைண்டர் அறை. கழித்துப்போட்ட பிளாஸ்டிக் துண்டுகளை ஸ்டூலில் உட்கார்ந்தபடி பிரித்து, அரைக்கும் இயந்திரத்தில் போட வேண்டும். நிற்க வேண்டாம், எடை தூக்க வேண்டாம். அதை இரக்கம் என்றே நினைத்தோம். அந்த அறையின் விசிறி தூளை வெளியே தள்ளும். வெளியே நின்ற அதிகாரிகளின் கார்கள்மேல் அது நீலமாகப் படிந்தது. புகார் வந்தது. விசிறியை நிறுத்தச் சொன்னவன் நான்தான்.

போன மாதம், அங்கே இன்னமும் வேலை செய்யும் வடக்குப்பட்டு கிராமத்துப் பெண் ஒருத்தி படப்பையிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய முதல் பிரசவத்தின்போது மருத்துவமனையில் ஆய்வுக்காக நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் பட்டால் முடிவு தப்பாகிவிடும் என்று கண்ணாடி ஜாடியில் போட்டு எடுத்துப்போனார்களாம். அதன் அறிக்கையை நீட்டினாள்.

“இங்கிலீஷ்ல கீது சார். நீங்கதான் படிச்சவரு.”

கண்ணுக்குத் தெரியாத அளவில் நீலப் பிளாஸ்டிக் துகள்கள். கூடவே இரும்பு, குரோமியம்; அரைக்கும் இயந்திரத்தின் கத்திகளிலும் இருப்பவை. எங்கிருந்து வந்தவை என்று அறிக்கை சொல்லவில்லை. அவற்றால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதும் இன்னும் தெளிவாகவில்லை என்றிருந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

“இன்னா சார் எழுதிக்கீது அதுல? இப்ப எனக்கு மூணாவது மாசம். திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி லைட் டியூட்டி போட்டுக்கீறாங்க.”

“ஃபேன் ஓடுதா?”

“எந்த ஃபேனு? நீங்க இருக்கும்போதே அது ஓடாதே.”

அதை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். கார்களைப் பற்றியும் சொன்னேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

“கார் மேல படக்கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சிது உங்களுக்கு.” அறிக்கையை மடித்துக்கொண்டே, “எழுதிக் குடுங்க சார். நான் சொன்னா எவன் கேப்பான்?” என்றாள்.

விசிறி நிறுத்தப்பட்டது, அந்த அறையில் கர்ப்பிணிகளை உட்காரவைக்கக்கூடாது என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“யாரு நிறுத்துனதுன்னு இதுல இல்லியே சார்.”

நிறுத்தச் சொன்னவன் நான் என்று என் பெயரையும் சேர்த்து வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை கொண்டுபோயிருப்பாள். என்ன ஆனது என்று போன் செய்து கேட்கும் தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை.