கோர்ட்டு ஒண்ணு

எண்பதுகளில் நான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போன பஸ்ஸில் ஒரு மில்காரம்மாவைப் பார்ப்பேன். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். கூட வேலை பார்த்தவளை சூப்பர்வைசர் அடித்த வழக்கில் அவர்தான் சாட்சி என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். முதல் இரண்டு வாய்தாவுக்கும், "ஆண்டாள் கோவில் ஒண்ணு" என்று மெதுவாக டிக்கெட் வாங்கினார், கோர்ட்டுக்குப் போகாமல் கோவிலோடு திரும்பிவிட்டார்.

மூன்றாம் வாய்தாவுக்கு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி, "கோர்ட்டு ஒண்ணு குடுங்க" என்றார்.

"பயம் போயிருச்சாக்கா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டுப் போச்சு? ஆண்டாள்கிட்ட ரெண்டு தடவ அழுதாச்சு. அடிச்சத அவளா பாத்தா? நான்தான பாத்தேன்."

தீர்ப்பு என்னவானதென்று எனக்குத் தெரியாது. கோர்ட்டு வாசலில் இறங்கியவர், அந்த டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக உள்ளே போனார்.